இடது காதுக்கு ஒரு மாமன்

முதன்முதலில் நான் அவனைப் பார்த்தபோது சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தான். ஆறடி நான்கு அங்குலம். தலையில் ஏழு சடை, ஒவ்வொரு சடை நுனியிலும் ஒரு கலர் ரப்பர் பேண்டு. கால்மாட்டில் இரண்டு பெண்கள் அவனுடைய கால் விரல்களுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி அவனுக்கு ஒன்று இரண்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஆறுக்கு அப்புறம் பத்துக்குத் தாவ, சுற்றி நின்ற மற்றதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. தூக்கி வந்து போட்ட கட்டிலைப் போல அசையாமல் கிடந்தான். முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். திண்டுக்கல்லில் டாக்டர்களின் அறை வாசலில் காத்துக் கிடப்பதுதான் தொழில். தாடிக்கொம்பு சாலையில் பெற்றோர் இல்லாத பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. அதை நடத்துகிற அம்மாவைப் பிள்ளைகள் எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் ஊரே அப்படித்தான் கூப்பிடும். அந்தப் பெரியம்மா ஒருநாள் ஒரு டாக்டரின் கிளினிக்கில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நெதர்லாந்துலேர்ந்து ஒரு தம்பி வந்திருக்கு சார். ஆறு வாரம் பிள்ளைகளோட இருந்து சேவை பண்ணுறேன்னு வந்திருக்கு. அது பேசுறது எங்களுக்குப் புரியல, நாங்க பேசுறது அதுக்குப் புரியல. சாயங்காலம் செத்த நேரம் வந்து நின்னுட்டுப் போங்க" என்றார்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. யாராவது அதைப் பாராட்டினால் என்ன வேலை சொன்னாலும் செய்துவிடுவேன். பெரியம்மா பாராட்டினார். போனேன்.

பள்ளி ஆசிரியராவதற்குப் படித்துக்கொண்டிருந்த பையன் அவன். போலீஸ் சான்றிதழ், அந்தப் பத்திரம், இந்தப் பத்திரம் என்று ஒரு ஃபைல் நிறையக் காகிதம் கொடுத்த பிறகுதான் அவனை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். வந்த மூன்றாம் நாளே அவனுக்கு நெட்டையண்ணன் என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் உயரத்தை வைத்து அந்த இல்லத்தில் நடக்காத வேலை இல்லை. ஓட்டின் மேல் ஒரு வருடமாகக் கிடந்த பந்துகள் எல்லாம் கீழே இறங்கின. ஒட்டடை ஒழிந்தது. முருங்கைமரத்தில் கைக்கு எட்டாமல் முற்றிப்போகிற காய்கள் சாம்பாருக்கு வந்தன. சமையல் செய்கிற அக்கா வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர், லேசில் யாரையும் மெச்ச மாட்டார். "ஏணிக்குச் சோறு போட்டு வளத்த மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லி அவனுக்கு மட்டும் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு கரண்டி கூடுதலாக வைப்பார்.

நான் போனது பேச்சை மாற்றிச் சொல்வதற்கு, அவ்வளவுதான். ஐந்தரைக்குப் போவேன், ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன். பிள்ளைகளுக்கு நான் சார். மடியில் ஏறுவது, தோளில் தொங்குவது எல்லாம் அவனோடு. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்து, நான் வண்டியை நிறுத்தும் இடத்தில் வேண்டுமென்றே நொண்டிக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். நான் கத்துவேன். அதைக் கேட்பதற்காகவே நாலு பேர் காத்திருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான்காம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி இருந்தாள். இருபத்தாறு பேரில் காது குத்தாதவள் அவள் ஒருத்திதான். இரண்டு வயதில் இல்லத்துக்கு வந்தவள். மற்றவர்களுக்கு வரும்போதே குத்தியிருந்தது, இல்லாவிட்டால் நகைக்கடைக்குக் கூட்டிப்போய் அந்தத் துப்பாக்கி மாதிரிக் கருவியால் டக்கென்று குத்திக் கூட்டி வந்துவிடுவார் பெரியம்மா. இவள் மட்டும் அகப்படவில்லை. ஒருதடவை கடையிலிருந்து ஓடிப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டாள். இன்னொரு தடவை கடைக்காரரின் கையைக் கடித்து வைத்தாள். பள்ளிக்கூடத்தில் மூளிக்காது, மூளிக்காது என்று பிள்ளைகள் கேலி செய்தால் அழுவாளாம், ஆனால் கடைக்கு மட்டும் வர மாட்டாளாம்.

காரணம் இதுதான். வகுப்புத் தோழி ஒருத்தியின் தங்கைக்குக் காதுகுத்து. இல்லத்துப் பிள்ளைகளையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். அங்கே இவள் சாப்பாட்டைப் பார்க்கவில்லை. தாம்பாளத் தட்டுகளோடு மேளம் முழங்க ஒரு ஆள் வருவதையும், எல்லாரும் எழுந்து அவருக்கு வழி விடுவதையும், அவர் உட்கார்ந்ததும் குழந்தையை அவர் மடியில் வைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லத்துக்குத் திரும்பியதும் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாள், "தாய்மாமன் மடியில உக்காந்துதான் குத்திக்குவேன். துப்பாக்கிக்கெல்லாம் காதக் காட்ட மாட்டேன்." அவளுக்கு வேண்டியிருந்தது கம்மல் இல்லை, மடி. அதற்குப் பெரியம்மா எங்கே போவார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். லீவு நாள் என்பதால் அன்றைக்குக் காலையிலேயே போயிருந்தேன். எனக்கு நல்ல பசி, வீட்டில் கோழிக்குழம்பு. கிளம்பப்போன நேரத்தில் இவள் வந்து நெட்டையன் முன்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "சார், எனக்குக் காது குத்துறப்ப இவரு மடியில உக்காந்துக்கவான்னு கேளுங்க."

கோழிக்குழம்பு ஞாபகத்தில் நான் ஒரே வரியில் கேட்டேன். காது குத்தும்போது உன் மடியில் உட்கார்ந்துகொள்ளலாமா என்கிறாள். அவன் நெகிழ்ந்துபோனான். "கண்டிப்பாக. பயமாக இருந்தால் என் கையையும் பிடித்துக்கொள்ளலாம்" என்றான். சரியாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன். மடி என்றால் நம்மூரில் அது யாருடைய மடி, அதில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு விளக்கியிருக்க வேண்டியவன் நான்தான். அதை நான் செய்யவில்லை. கோழிக்குழம்பு நன்றாகவே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது இல்லமே தலைகீழாகியிருந்தது. நெட்டையண்ணன் என்ற பெயர் போயே போய்விட்டது. இருபத்தாறு வாயும் மாமா, மாமா என்று கூவின. ஒருத்திக்கு மாமன் என்றால் எல்லாருக்கும் மாமன்தான் என்று அவர்களே கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். சமையலக்காவுக்கோ சொல்லவே வேண்டாம். முறைக்கார ஆள் கிடைத்துவிட்ட குஷி. "என்ன மாமன்காரரே, வெறுங்கையோட வாரீக? சீர்த்தட்டு எங்க? ஒம்போது தட்டா, பதினோரு தட்டா?" என்று கரண்டியை ஆட்டிக்கொண்டு அவனை முற்றத்தைச் சுற்றி விரட்டினார். ஒன்றும் புரியாமல் அவனும் சிரித்துக்கொண்டே ஓடினான்.

என்னைக் கண்டதும் மூச்சிரைக்க வந்து கேட்டான். "மாமா என்றால் என்ன?"

இப்போது எனக்குப் பசி இல்லை. ஆங்கிலமோ கைவசம் தாராளமாக இருந்தது. விளாசித் தள்ளிவிட்டேன். தாயின் உடன்பிறந்தவன். முதல் முடி அவன் மடியில்தான் இறக்க வேண்டும். காது அவன் மடியில்தான் குத்த வேண்டும். பெண் வயதுக்கு வந்தால் பச்சை ஓலையில் குடிசை கட்டுகிறவன் அவன். கல்யாணம் என்றால் முதல் சீர் அவனுடையது. அந்தப் பெண் புகுந்த வீட்டில் கண்ணைக் கசக்கினால் முதல் ஆளாக வண்டி ஏறிப்போய்க் கேட்க வேண்டியவனும் அவன். அவளுக்குப் பிள்ளை பிறந்தாலும் அவன் கடமை தீராது. அரை மணி நேரம் பேசியிருப்பேன். எனக்கே என் ஆங்கிலத்தைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. "எப்போது முடியும்?" என்று கேட்டான்.

"எது?"

"இந்த வேலை."

"அது முடியாது. சாகிற வரைக்கும்."

அவன் ஏழு சடையோடு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனை அனுப்பிய அமைப்பு, கிளம்புவதற்கு முன்னால் இரண்டு நாள் வகுப்பு எடுத்ததாம். அதில் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். உடனிருந்து காப்பாற்ற முடியாத எந்த வாக்கையும் குழந்தைகளுக்குக் கொடுக்காதே. "எனக்கு இன்னும் மூன்று வாரத்தில் விமானம். நான் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது. நான் அவளுக்கு மாமாவாக இருக்க முடியாது. மன்னியுங்கள், இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும்" என்றான்.

எனக்குக் கோபம் சுறுசுறுவென்று ஏறியது. "ஏன்யா, ஒரு சின்னப் பிள்ளை ஆசையாகக் கேட்டால் இப்படித்தான் சட்டம் பேசுவாயா? நாங்கள் என்ன உன்னிடம் பத்திரத்தில் கையெழுத்தா கேட்டோம்?" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினேன். கத்தக் கத்தத்தான் ஒன்று புரிந்தது. அவன் சொன்னது சரி. தப்பு நான் செய்தது. அது புரிந்ததும் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

நானே சொல்லிவிடுகிறேன் என்றேன், அவன் விடவில்லை. தன் வாயால் சொல்ல வேண்டுமாம், நான் மாற்றிச் சொன்னால் போதுமாம். இரண்டு பேரும் பலியாடு மாதிரி குழாயடிக்குப் போனோம். அவள் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சாக்ஸைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஈரத்தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தும் அவளை விட உயரமாகத்தான் இருந்தான். தொண்டையைச் செருமி, நான் மூன்று வாரத்தில் போய்விடுவேன், திரும்பி வருவேன் என்று என்னால் சொல்ல முடியாது, மாமா என்பவர் எப்போதும் இருக்க வேண்டியவர், அதனால் நான் உன்னை ஏமாற்றக் கூடாது என்றான். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை. 

அவள் சாக்ஸைப் பிழிந்து உதறிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவரு போவாருன்னு எனக்குத் தெரியாதா சார்? டிக்கெட்டு போட்டுட்டுத்தான வந்தாரு. போன வருசம் கிட்டார் வச்சிருந்த அக்கா வந்தாங்க, அவங்களும் போனாங்க. எங்க ரூமு அக்காவுக்கு நெசமான மாமாவே இந்தா பக்கத்துல வேடசந்தூர்லதான் இருக்காரு, ஒரு நாளு வந்ததில்ல." சாக்ஸைக் கொடியில் போட்டாள். "நான் என்ன கல்யாணத்துக்கா கூப்பிட்டேன்? காது குத்துறதுக்குத்தான. செத்த நேரம் மடி குடுத்தாப் போதும்னு சொல்லுங்க."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது அழுதுகொண்டே சிரித்தான். "செத்த நேரம் என்றால் சரி" என்றான். அவள் உடனே எழுந்து, "மாமா சரின்னுட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அடுத்த நிமிடம் உள்ளே தட்டும் டம்ளரும் முழங்க ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு அந்த இல்லத்தில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. பெரியம்மா, எழுதிக் கேட்க வேண்டிய இடத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார். நெட்டையனின் விமானத்துக்கு முந்தைய ஞாயிறு என்று நாள் குறித்தாயிற்று. மொட்டை உண்டா என்று சமையலக்கா கேட்டதற்கு, "முடியத் தொட்டா காதும் கெடையாது" என்று அவள் சொல்லிவிட்டாள். சீர்த்தட்டு ஒன்பது என்று முடிவானது. செத்த நேர மாமன் என்றாலும் சீர் மட்டும் குறையக் கூடாது என்பதில் நெட்டையன் உறுதியாக இருந்தான். நோட்டில் ஒன்பது வட்டம் போட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன என்று எழுதிக்கொண்டான். தேங்காய், சிறுமலை வாழைப்பழம், மல்லிகைப்பூ, பாவாடை சட்டை, வளையல், காது குத்தியதும் எல்லாருக்கும் கொடுக்கிற காதரிசி. எட்டாவதில் மிட்டாய், ஒன்பதாவதில் காதுக்குப் போடும் தங்கக் கம்பி. ஏழாவது வட்டத்தில் கொய்யா. ஆயக்குடிக் கொய்யாதான் வேண்டுமென்று யாரோ அவனுக்கு ஓதியிருந்தார்கள்.

எனக்கு வியாழக்கிழமை பழனி லைன், அந்தப் பக்கத்து டாக்டர்களைப் பார்க்கிற நாள். வண்டியின் பின்னால் அவனை ஏற்றிக்கொண்டேன். கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒட்டன்சத்திரம் வரைக்கும் இரண்டு பக்கமும் விரித்தபடியே வந்தான். ஒவ்வொரு கிளினிக்கிலும் நோயாளிகள் எல்லாரும் டோக்கனை மறந்து அவனைப் பார்த்தார்கள். ஆயக்குடியில் சாலையோரம் கொய்யா விற்ற அம்மா அவனை மேலும் கீழும் அளந்துவிட்டு, "ஏனுங்க, இவருக்கு எந்த ஊருங்க? இத்தனை கொய்யா எதுக்குங்க?" என்றார். தாய்மாமன் சீர் என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "அட, மாமனுங்களா! அப்பப் பொறுக்கித்தான் போடோணும்" என்று கூடையில் போட்டதையெல்லாம் திரும்பக் கொட்டி, ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்துப் போட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் கொய்யா மூட்டையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தான்.

ஞாயிறு காலை சமையலக்கா அவளைத் தாடிக்கொம்புப் பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். பத்து மணிக்கு ஆசாரி வந்தார். நெட்டையன் ஒட்டிக்கொள்ளும் வேட்டி கட்டியிருந்தான். அது அவனுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் வந்தது. சீர் கொண்டுவர அவனுக்கு உறவு சனம் வேண்டுமே, அதனால் பிள்ளைகளே பாதிப் பேர் மாமன் வீட்டு ஆட்களாகக் கட்சி மாறினார்கள். கேட்டுக்கு வெளியே போய் நின்று, அங்கிருந்து தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேளத்துக்கு எவர்சில்வர் தட்டும் பிளாஸ்டிக் வாளியும். பெண் வீட்டு ஆட்கள் வாசலில் நின்று, "லேட்டா வந்த மாமனுக்குக் காப்பி கெடையாது" என்று வழிமறித்தார்கள். மாமன் வீட்டு ஆட்கள், அப்படியானால் கொய்யாவும் கிடையாது என்றார்கள். பெரியம்மா வந்து பேச்சுவார்த்தை நடத்தி உள்ளே விட்டார். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்பது இல்லத்தின் விதி. அதனால் அந்த ஊர்வலத்துக்கு ஒரு படம்கூட இல்லை. எனக்கு அது இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

வேப்பமரத்தடியில் பாய். நெட்டையன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவள் புதுப் பாவாடையோடு, தலை நிறையப் பூவோடு வந்தாள். சுற்றி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த மடியில் உட்கார்ந்தாள். அவ்வளவு சத்தமும் சட்டென்று நின்றது. பெண் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். ஆசாரி காதைத் தடவிக் குறி பார்த்தார். நெட்டையன் குனிந்து, கண்ணை மூடிக்கொள் என்று சைகை காட்டினான். அவள் மூடிக்கொண்டாள். அவன்தான் திறந்து வைத்திருந்தான்.

ஊசி உள்ளே போனது. அவள் உதட்டைக் கடித்தாளே தவிரச் சத்தம் வரவில்லை. காதில் ஒரு பொட்டு ரத்தம். அதைப் பார்த்த நெட்டையனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஏதோ டச்சில் சொன்னான். பிறகு மெதுவாக, மிகவும் மரியாதையாக, இடது பக்கம் சாய்ந்து கொய்யாத் தட்டின் மேல் விழுந்தான்.

கொய்யாக்கள் நாலா பக்கமும் உருண்டன. பிள்ளைகள் பாதி கத்தினார்கள், பாதி சிரித்தார்கள், பாதி கொய்யாவை விரட்டிக்கொண்டு ஓடினார்கள். மூன்று பாதி எப்படி என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. "ஏய், மாமன் போயிட்டாருடி!" என்று ஒருத்தி அலற, "வாயக் கழுவு!" என்று சமையலக்கா தண்ணீர்ச் செம்போடு பாய்ந்தார். நான் அவன் கால்களைத் தூக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டான்.

முடியவில்லை. அவள் பாயின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் தங்கக் கம்பி, இன்னொரு காது அப்படியே. ஓடவில்லை, அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஆசாரி ஊசியைத் துடைத்தபடி, "ஒத்தக் காதோட எந்திரிக்கக் கூடாதும்மா" என்றார். பெரியம்மாவைப் பார்த்தார். "வேற மாமன் மொறை யாரும் இருக்காகளா?"

அந்த இடத்தில் இருந்த ஆண்கள் மூன்று பேர். ஒருவன் மயங்கிக் கிடந்தான். ஒருவர் கையில் ஊசி வைத்திருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அக்கா தங்கை கிடையாது. நாங்கள் நான்கு பேரும் ஆண்கள், நான் கடைசி. சொந்தக்காரர்கள் விசேஷங்களில் எல்லாரும் மாமன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அலையும்போது நான் முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பேன். அந்தத் தொல்லை நமக்கு இல்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பாயை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவனாவது தெரியாமல் தலையை ஆட்டியவன். நான் அரை மணி நேரம் பட்டியல் போட்டவன். எனக்கு விமானமும் இல்லை.

அவள் என்னைக் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பார்த்துவிட்டு, எனக்குச் சங்கடம் வேண்டாம் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி வீசிவிட்டுப் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். "ம், வா. சீக்கிரம்" என்றேன், என்னவோ அவள்தான் தாமதம் செய்கிற மாதிரி.

வந்து உட்கார்ந்தாள். எனக்கு இரண்டு மகன்கள், எத்தனையோ தடவை மடியில் வைத்திருக்கிறேன். இது வேறு கனம். ஆசாரி வலது காதைப் பிடித்தபோது அவள் என் கட்டைவிரலைப் பிடித்தாள். நான் இறுகக் கண்ணை மூடிக்கொண்டேன், ஒரு கொய்யாத் தட்டு போதும் என்று. விரலை ஒருதடவை நெரித்தாள். "ஆச்சு" என்றார் ஆசாரி. கண்ணைத் திறந்தால் இரண்டு காதும் மின்னின. எனக்கு வாய் விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, சிரித்தேன். யாருக்கும் சொந்தமில்லாமல் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு நாற்பத்திரண்டு வயதில் மாமன் உத்தியோகம்! ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நெட்டையன் எழுந்து உட்கார்ந்து, முதுகில் ஒட்டியிருந்த கொய்யாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு என்னிடம் கை நீட்டினான். "இடது காது என்னுடையது" என்றான். "வலது என்னுடையது" என்றேன். அதை மாற்றிச் சொன்னதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் காக்கைகள் மரத்தை விட்டுப் பறந்தன. அன்றைக்கே என்னை வலது மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மட்டும் சார் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தாள். "அப்ப நான் அத்தையா?" என்றாள். அடுத்த நாளே தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக் காதில் போடக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை நெட்டையன் கிளம்பினான். மதுரை விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றது. எல்லாரும் அழுதார்கள். சமையலக்கா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே கட்டுச்சோறு கொடுத்தார். நெட்டையன் ஒவ்வொருத்தி முன்பும் மண்டியிட்டு மண்டியிட்டு அழுதான். கடைசியாக இவளிடம் வந்தான். இவள் அழவில்லை. கம்பீரமாகக் கை குலுக்கினாள். அவன் இடது காதைத் தொட்டுக் காட்டினான், இவள் தலையை ஆட்டினாள். கார் போய்விட்டது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

எனக்குப் பத்து மணிக்கு இரண்டு டாக்டர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பார்த்தால் அவள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"மாமா" என்றாள். முதல் தடவை. "உங்க வேலையில டிரான்ஸ்பர் வருமா?"

வராது என்று சொல்லிவிடத்தான் வாய் துடித்தது. ஆனால் இவளிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது என்று குழாயடியிலேயே பார்த்தாயிற்று. "வரலாம்" என்றேன். "வந்தாலும் மதுரைதான். அதத் தாண்டிப் போக மாட்டேன்னு எழுதிக் குடுத்துருவேன்."

"மதுரை எம்புட்டுத் தூரம்?"

"பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம். வண்டியில வந்தா இன்னும் சீக்கிரம்."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "அப்பச் சரி" என்றாள். சொல்லி வாயை மூடவில்லை, பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஊசிக்கு அழாதவள், காருக்கு அழாதவள், என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, ஓவென்று அழ ஆரம்பித்தாள். நான் வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்கின் மேல் வைத்தேன். அன்றைக்கு டாக்டர் யாரையும் பார்க்கவில்லை.